காட் மாமா

சாதகம் பொருந்தி, சீதனம் பேசி முடிந்து, பஞ்சாங்கத்தைப் புரட்டி முகூர்த்தமும் குறித்தான பின்பு, பொன்னுருக்கலுக்குப் பத்தரை அழைப்பதா, மண்டபத்துக்கு முற்பணம் கட்டுவதா என்று திருக்கோணமலைக் குடும்பமொன்று கூடி யோசித்துக்கொண்டிருக்கும் வேளையில், யாரும் அழையாமலே படலையைத் திறந்துகொண்டு ஒருவர் உள்ளே வருவார். கையில் ஒரு துணிப்பை. பையினுள்ளே ஊரார் கலியாணங்களின் அழைப்பிதழ்கள், ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, ஓர் அடிமட்டம். நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்து இளைப்பாறியவர். உறவுமுறையில் அந்த வீட்டுக்கு அவர் என்ன வேண்டும் என்பது ஒருவருக்கும் திட்டமாகத் தெரியாது. எனினும் உவர்மலை தொடக்கம் உப்புவெளி ஈறாக அவருக்குக் காட் மாமா என்றே நாமதேயம். யாரோ ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டு நான் எழுதுவதாக எவரும் எண்ண வேண்டாம். இந்த வர்க்கத்தார் பட்டினத்தில் பலர் உளர். சிலர் படவரைஞராக இராமல் சித்திர ஆசிரியராக இருந்திருப்பார்கள், மற்ற இலட்சணங்களெல்லாம் அச்சொட்டாக ஒன்றே.

ஈய எழுத்துக் காலத்து அழைப்பிதழை மாமா பேச்சுக்குக்கூட மதிப்பதில்லை. அக்காலத்து அச்சகத்தில் பிள்ளையாருக்கு ஒரு கட்டை, பூரணகும்பத்துக்கு ஒரு கட்டை, வாழைமரத்துக்கு இரண்டு கட்டை இருக்கும். வாசகம் கோத்தபடியே கிடக்கும். மணமக்கள் பெயரையும் நாளையும் மாத்திரம் கழற்றி மாற்றி, மஞ்சள் தாளில் சிவப்பு மையால் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். "அதெல்லாம் அழைப்பிதழோ? கச்சேரி அறிவித்தல்!" என்பார் மாமா. எனக்கு அந்த அறிவித்தலில் ஒரு குறையும் தெரிந்ததில்லை. யாருக்குக் கலியாணம், எங்கே, எத்தனை மணிக்கு என்ற மூன்றும் வாசித்த மாத்திரத்தே விளங்கிவிடும். ஆனால் வாசித்த மாத்திரத்தே விளங்கிவிடுவது கலையாகாது என்பது மாமாவின் சித்தாந்தம்.

ஆகையால் அவர் முதலிற் கேட்பது மாப்பிள்ளையின் உத்தியோகத்தை. 2022ஆம் ஆண்டில் திருவண்ணாமலைப் பக்கத்து மாப்பிள்ளை ஒருவர், மருந்தியல் படித்தவராகையால், மாத்திரை அட்டையின் உருவிலேயே தம் கலியாண அழைப்பிதழை அச்சிட்டு நாடெங்கும் பேசப்பட்டாரல்லவா, அந்தப் படத்தை மாமா இன்றும் கைத்தொலைபேசியில் வைத்திருந்து, காசைப் பற்றி வாய் திறக்கும் தகப்பன்மாருக்கெல்லாம் காட்டுகிறார்.

"தம்பிக்கு என்ன வேலை?"

"துறைமுகத்தில மாமா. பைலட் போட்டில."

மாமா கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பையனுக்கு வாய்த்தது ஒரு கடல் வரைபடம். உள்துறைமுகத்தின் விளிம்பு வளைவு வளைவாக இறங்க, ஆழங்களெல்லாம் பாகக் கணக்கிலே பொடியெழுத்தில் நிற்க, வடதிசை அம்பின் நுனியில் பிள்ளையார் சுழியும், கப்பல் வரும் வழியில் மணமக்கள் பெயரும், நங்கூரமிடும் இடத்தில் முகூர்த்த நேரமுமாக அது அச்சேறி வந்தபோது, அதன் அழகை ஒருவரும் மறுக்கவில்லை. ஆனால் கடல் வரைபடத்தில் கரையைப் பெரும்பாலும் வெறுமையாக விட்டுவிடும் மரபை மாமா நுணுக்கமாகப் பின்பற்றியிருந்தார்; கலியாண மண்டபமோ கரையிலே இருந்தது. வயலும் எருமைத் தயிருமாக வாழ்ந்த தம்பலகாமத்துப் பெரியம்மா காட்டை மேலும் கீழும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எத்தினை பாகம் தண்ணிக்குள்ள பிள்ளை தாலி கட்டுறான்?" என்று கேட்டாராம்.

ஊரின் பெருமையை அழைப்பிதழில் ஏற்றுவதும் அவருக்கு ஒரு விரதம். ஏழடி நடப்பதற்கு ஏழு மடிப்பு. மடிப்புக்கு ஒன்றாகக் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள். கடைசி மடிப்பை விரித்தால் மணமக்கள் என்று ஒரு திட்டத்தை அவர் ஒரு வீட்டு விறாந்தையில் அரைமணி நேரமாக விவரித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் மெய்ம்மறந்து கேட்டுக்கொண்டிருக்கையில், மூலையில் பாக்குரலோடு இருந்த ஆச்சி தலையை நிமிர்த்தினார்.

"தம்பி, இராவணன் தாய்க்குக் கடன் கழிச்ச இடமெல்லே அது? சனம் அந்தியேட்டி செய்யிற கிணத்தைக் கலியாணக் காட்டில போடுறியோ?"

மாமா பென்சிலைக் காதிற் செருகிக்கொண்டு, ஏழு கிணற்றையும் ஏழு தாமரையாக்கிவிட்டார்.

தாளைப் பற்றிய அவருடைய ஞானமோ அபாரமானது. முந்நூறு கிராம் ஐவரி போர்ட்டை விரலாற் சுண்டி அதன் நாதத்தைக் கொண்டே கனத்தைச் சொல்லுவார். சிவகாசி மாதிரிப் புத்தகங்களின் பக்கங்கள் அவருக்கு மனப்பாடம். ஐரோப்பாவில் செப்புத் தகட்டில் எழுத்தைச் செதுக்கி அச்சிட்ட காலத்திலே, உலராத மை மற்றொரு தாளிற் படாதிருக்க நடுவில் ஒரு மெல்லிய தாளை வைத்தார்கள். மையே உலர வேண்டியிராத இந்நாளிலும் மாமா அந்தத் தாளை விடாமல் வைக்கிறார், அதிலும் பொன்னிழை ஓடவிடுகிறார். பிற்காலத்தில் அவருக்குச் சுற்றாடலிலும் கருணை பிறந்து, துளசி விதை பதித்த தாளில் ஒரு காட் செய்வித்தார். கலியாணம் முடிந்தபின் அதை மண்ணில் ஊன்றித் தண்ணீர் விட்டால் முளைக்கும். முதற் காட்டைக் கோணேசர் சந்நிதியில் வைப்பதற்காக வெற்றிலைத் தட்டத்தோடு கோட்டை வாசலாற் போனபோது, அங்கே திரியும் புள்ளிமான்களில் ஒன்று வெற்றிலையை விட்டுவிட்டுக் காட்டைத் தின்றுவிட்டது. சகுனம் பிழைத்ததென்று பெண்ணின் தாயார் கண்கலங்க, மாமா சற்றும் தளராமல், "சிவபெருமான் கையில் இருக்கிறதும் மான்தானே? முதல் காட்டை அவரே எடுத்திட்டார்" என்றார். உடனே எல்லோரும் கும்பிட்டார்கள்.

2022ஆம் ஆண்டின் முற்பகுதிதான் அவருடைய அஞ்ஞாதவாசம். காகிதமில்லாமல் மேல் மாகாணத்துப் பாடசாலைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்ட அந்த மார்ச்சு மாதத்தில் ஐவரி போர்ட்டுக்கு எங்கே போவது? வேறு வழியின்றி, வாட்சப்பில் அனுப்புவதற்கென்று மேளச்சத்தத்தோடு கதவு திறக்கும் காட் ஒன்றைச் செய்வித்தார். அது போய்ச் சேர்ந்த கிழமையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் வெட்டினார்கள். கைத்தொலைபேசிகளெல்லாம் உயிர்விட்டுக் கிடந்தன.

இவ்வளவையும் வைத்து மாமாவை வெறும் அலங்காரப் பிரியர் என்று கொள்வது அநியாயம். அழைப்பிதழைக் கையில் எடுத்தவர் பொன்னிழையைப் பார்ப்பதில்லை, தம்முடைய பெயர் எந்த வரியில், யாருக்கு மேலே, யாருக்குக் கீழே நிற்கிறது என்பதைத்தான் பார்க்கிறார் என்ற உண்மையை அவரைப்போல் உணர்ந்தவர் வேறில்லை. 'காலஞ்சென்ற' என்ற சொல்லை யாருக்குப் போடுவது, கனடாவிலிருந்து மண்டபக் காசு அனுப்பிய சித்தப்பாவை மூத்தவருக்கு முன்னே போடலாமா என்பவற்றில் அவருடைய வாக்கே தீர்ப்பு. வேலிச் சண்டையால் பல வருஷம் பேசாதிருந்த அண்ணன் தம்பி இருவர், பேரப்பிள்ளையின் கலியாணத்துக்குத் தம் பெயரே முதலில் வரவேண்டும், அன்றேல் வரவே மாட்டோம் என்று நின்றபோது, மாமா ஓர் இரவு முழுவதும் கவராயத்தோடு இருந்து, உற்றார் பெயர் அனைத்தையும் ஒரு வட்டமாக எழுதிக் கொண்டுவந்தார். முற்காலத்துக் கப்பல் மாலுமிகள் முறைப்பாடு எழுதினால், முதற் கையெழுத்து யாருடையது என்று கப்பித்தானுக்குத் தெரியாதிருக்க, வட்டமாகவே ஒப்பமிடுவார்களாம். துறைமுகத்து ஊரிலே பிறந்தவருக்கு அந்தத் தந்திரம் தெரிந்திருந்ததில் ஆச்சரியமில்லை. சகோதரர் இருவரும் மண்டபத்துக்கு வந்தார்கள். அண்ணனார் காட்டை நேராகவும் தம்பியார் தலைகீழாகவும் பிடித்து, தத்தம் பெயர் உச்சியில் நிற்கக் கண்டு மகிழ்ந்தார்கள்.

இத்தனை சேவைக்கும் மாமா ஒரு சதம் வாங்குவதில்லை. காட்டின் பின்புறத்தில், அடியில், ஓரமாகத் தம்முடைய பெயரின் முதலெழுத்தைப் போட்டுக்கொள்ள மாத்திரம் அனுமதி கேட்பார். ஆரம்பத்தில் அதைக் காண உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டியிருந்தது. கலியாணத்துக்குக் கலியாணம் அது ஒரு சுற்றுப் பெருத்து, முதலெழுத்து முழுப்பெயராகி, பின்புறத்திலிருந்து உட்பக்கத்துக்கு நகர்ந்து, சென்ற ஆவணியில் 'தங்கள் நல்வரவை நாடும்' என்பதற்கு நேர்கீழே வந்துவிட்டது. காட் கிடைத்த சிலர் அவர் மாப்பிள்ளை பகுதியா, பொம்பிளை பகுதியா என்று விசாரித்துக்கொண்டு திரிகிறார்கள்.