பன்னிரண்டு முதலியாரும் ஐந்து சாட்சியும்

கொழும்பில் சட்டத்தரணிகள் மொய்க்கும் புதுக்கடைக்கு ஹல்ஸ்டொர்ப் என்றும் ஒரு பெயர் உண்டு. ஹுல்ஃப்ட் என்ற ஒல்லாந்துத் தளபதியின் பெயர் அது. கொழும்பை முற்றுகையிட வந்தவர், 1656இல் கோட்டை விழுமுன்னே தான் விழுந்துபோனார். ஒன்றும் கிடைக்காமல் செத்தவர் பெயரில் உள்ள இடத்துக்குத்தான், செத்தவர் விட்டுப்போனதைப் பங்குபோட நாங்கள் கோப்போடு ஓடுகிறோம்.

யாழ்ப்பாணத்தாரின் காணிச் சண்டை ஒல்லாந்தருக்குத் தலையிடியாய்ப் போனது. 1706இல் ஆளுநர் சைமன்ஸ், இவர்களின் வழமையை எழுதித் தா என்று யாழ்ப்பாணத்துத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸிடம் சொன்னார். முப்பது வருஷத்துக்கு மேல் அங்கே இருந்து, ஊர் வழக்கெல்லாம் கேட்டுக் காது புளித்த மனுசன். அடுத்த வருஷத் தொடக்கத்திலேயே எழுதி முடித்தார். பன்னிரண்டு முதலியார்மார் வாசித்துச் சரி என்றார்கள். பன்னிரண்டு தமிழர் ஒரே தாளில் உடன்பட்டது அதுதான் கடைசித் தடவை என்பது என் சந்தேகம்.

தேசவழமை என்ற அந்தத் தொகுப்பில் ஈடு உண்டு, வட்டி உண்டு, அடிமைகூட உண்டு. மரணசாசனத்துக்கு மட்டும் ஒரு பகுதி கிடையாது. தேவைப்படவில்லை. பெட்டைக்குச் சீதனம், பொடியனுக்கு முதுசம், கதை முடிந்தது. கலியாணத்துக்கு முன் மகன் உழைத்ததெல்லாம் வீட்டுப் பொதுச்சொத்தில் சேரவேண்டும். அவன் மேலில் கிடக்கும் பொன், வெள்ளி நகை மட்டும் தப்பும். தாய் தகப்பன் உயிரோடு இருக்கும்வரை பங்கு என்று வாய் திறக்கக்கூடாது. தத்தெடுக்க மஞ்சள் தண்ணி குடித்தாலும் போதாது. சொத்து தங்களுக்கு வரும் என்று காத்திருந்த சகோதரங்களும் சம்மதிக்க வேண்டும். அப்படிச் சம்மதித்த சகோதரங்கள் எந்த ஊரில் இருந்தார்களோ!

பிறகு வெள்ளைக்காரன் வந்தான். 1806இல் தேசவழமையைச் சட்டம் என்று ஏற்றுக்கொண்டான். ஆனால் ஒருவரையும் நம்பவில்லை. 1840இன் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்துக்கு மோசடித் தடுப்பு என்றே பெயர். மரணசாசனம் எழுதுகிறீரா? நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் வேண்டும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சி, எல்லாரும் ஒரே நேரத்தில் பக்கத்தில் நிற்கவேண்டும். கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் ஐந்து பேரை ஒரே நேரத்தில் பிடித்து நிறுத்துவதைவிட நொத்தாரிசுக்குக் காசு கொடுப்பது லேசு. இதில் ஒரு பொறியும் உண்டு: சாட்சிக் கையெழுத்து வைத்தவருக்கோ அவர் மனைவிக்கோ அதே சாசனத்தில் எழுதிவைத்தது செல்லாது. கடைசிவரை பார்த்த மருமகன் ஆசையாய் ஓடிவந்து கையெழுத்து வைத்தால், அவர் மனைவியின் பங்குக்குச் சங்கு. இன்னொன்று: எழுதிவைத்தவர் பிறகு கலியாணம் கட்டினால் பழைய சாசனம் செத்துப்போகும். எழுபது வயதில் துணை தேடும் தகப்பனைப் பார்த்துப் பிள்ளைகள் ஏன் அப்படித் துள்ளுகிறார்கள் என்று இப்போது விளங்கும்.

1844இல் வந்ததுதான் பெரிய குண்டு. 21ஆம் இலக்கச் சட்டம். உன் சொத்தை யாருக்கும் எழுது, பெற்ற பிள்ளையைக்கூடத் தள்ளிவை, காரணம் சொல்லத் தேவையில்லை, எதிரான வழமை ஒன்றும் செல்லாது என்றது. காரணம் சொல்லாமல் கோபிக்கலாம் என்று வெள்ளைக்காரன் நினைத்தான் பாருங்கள், அங்கேதான் அவனுக்கு எங்களைத் தெரியவில்லை.

1973இல் மாடிவீட்டு உரிமைச் சட்டமும் வந்தது. அந்தரத்தில் நிற்கும் மூன்று அறைக்கும் உறுதி முடிக்கலாம். இப்போது வெள்ளவத்தை ஒழுங்கைகளில் நிமிர்ந்தால் மாடிவீடுதான். பிள்ளைகள் ரொறன்ரோவில். ஒரு நொத்தாரிசின் மேசையில் நடப்பது அநேகமாய் இப்படித்தான் இருக்கும்:

"எழுதுங்கோ தம்பி. மூத்தவன் தாயின்ர அந்தியேட்டிக்கு வரேல்லை. காசுதான் அனுப்பினவன்."

"ஐயா, அதொண்டும் எழுதத் தேவையில்லை. வீடு மகளுக்கு எண்டால் காணும்."

"ஃபோனும் ஞாயிற்றுக்கிழமையிலதான். அதையும் போடுங்கோ."

"காரணம் வேண்டாமெண்டு 1844லேயே சட்டம் சொல்லிப்போட்டுது ஐயா."

"காரணம் எழுதேலாதெண்டால் பிறகு என்னத்துக்குத் தம்பி நான் மரணசாசனம் எழுதுறன்?"