எக்ஸுக்கு ஒண்ணு போட்டுப் பாரு!

ரிட்டயர்டு கணக்கு சாரின் வீட்டுக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டாம். காலை ஐந்தரைக்கே வாசலில் சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். கார் வாங்கும் உத்தேசத்தில் கட்டிய ஷெட். கார் வருவதற்குள் டியூஷன் வந்து உட்கார்ந்துவிட்டது. உள்ளிருந்து "புரிஞ்சுதா?" என்று ஒரு குரல் கேட்கும். "புரிஞ்சுது சார்" என்று கோரஸ். "என்ன புரிஞ்சுது?" அதற்கப்புறம் ஃபேன் ஓடும் சத்தம்தான்.

சாரின் ஜென்ம விரோதி, ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயரை 'ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர்' என்று எழுதி முடித்துவிடுகிற பையன். பேட்சுக்கு ஒருவன் தவறாமல் அவதரிப்பான். சார் கைநீட்டுவதில்லை, போர்டுக்குக் கூப்பிடுவார்.

"ஏ-க்கு 3, பி-க்கு 4 போடு. கூட்டி ஸ்கொயர் பண்ணினா?"

"49 சார்."

"நீ எழுதினதுல?"

"9, 16... 25 சார்."

"மிச்சம் 24 எங்கடா?"

பையன் போர்டைப் பார்ப்பான். அப்புறம் பக்கத்தில் நிற்பவனைச் சந்தேகமாகப் பார்ப்பான்.

"டூ ஏ பி-டா! ரெண்டு, மூணு, நாலைப் பெருக்கு. முழுசா முழுங்கிட்டு நிக்கிறே."

பாடப்புத்தகம் 'காரணிப்படுத்துக' என்று மரியாதையாகச் சொல்லும். சார் "பிரிச்சு மேய்" என்பார். சிக்ஸ் எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் செவன் எக்ஸ் மைனஸ் ட்வென்டி என்று போர்டில் எழுதிவிட்டு ஃபில்டர் காபிக்கு உள்ளே போவார். 6-ஐயும் மைனஸ் 20-ஐயும் பெருக்கினால் மைனஸ் 120. பெருக்கினால் அதுவும் கூட்டினால் 7-ம் வருகிற ஜோடியை அவர் காபி குடித்து வருவதற்குள் பிடித்தாக வேண்டும். 12-ம் 10-ம் என்று ஒருவன் ஆரம்பிப்பான், 20-ம் 6-ம் என்று இன்னொருவன். கடைசி வரிசையில் ஒரு பெண் மெதுவாக, "15, மைனஸ் 8" என்பாள். நடு உறுப்பு உடையும். டூ எக்ஸ் பிளஸ் ஃபைவ் ஒரு பிராக்கெட்டிலும் த்ரீ எக்ஸ் மைனஸ் ஃபோர் இன்னொன்றிலும் போய் உட்காரும்.

"கரெக்டா சார்?"

"என்னை ஏன் கேக்கறே? எக்ஸுக்கு ஒண்ணு போட்டுப் பாரு."

கோவையில் போட்டால் 6, 7, மைனஸ் 20. மொத்தம் மைனஸ் 7. காரணிகளில் போட்டால் 7 ஒரு பக்கம், மைனஸ் 1 ஒரு பக்கம். அதுவும் மைனஸ் 7. அதோடு விடமாட்டார். ஒண்ணு தற்செயலாகக்கூட ஒத்துப்போகுமாம், ரெண்டும் போடவேண்டும். இரண்டு பக்கமும் 18 வந்த பிறகுதான் தலையாட்டுவார். இதற்காகவே, டியூஷனில் சேர்ந்த அன்றைக்கே புத்தகத்தின் கடைசியில் இருக்கும் விடைப் பக்கங்களை ஸ்டேப்ளர் அடித்துவிடுவது வழக்கம். சரிபார்த்ததற்குப் பரீட்சையில் யாரும் தனியாக மார்க் போடப்போவதில்லை என்று பெற்றோர் முணுமுணுப்பார்கள். இந்த விஷயத்தில் நான் சார் கட்சி.

மைனஸும் மைனஸும் பெருக்கினால் ஏன் பிளஸ் என்று கேட்டால் பிரம்மகுப்தரை இழுப்பார். "628-லேயே சொல்லிட்டார்டா. மைனஸ்னா கடன், பிளஸ்னா சொத்து. கடனையும் கடனையும் பெருக்கினா சொத்து."

"எங்கப்பாவுக்கு ரெண்டு கடன் இருக்கு சார். எப்ப சொத்தாகும்?"

"உங்கப்பா கூட்டிட்டு இருக்கார்டா. பெருக்கச் சொல்லு."

ராமானுஜன் பிறந்தநாள் வந்தால் ஊரே 1729 கதை சொல்லும்: புட்னி, ஆஸ்பத்திரி, ஹார்டி வந்த டாக்சி. கதையோடு நிறுத்துகிறவர்களைச் சாருக்குப் பிடிக்காது. "1 கியூபும் 12 கியூபும், 9 கியூபும் 10 கியூபும். சரி, ஏ கியூப் பிளஸ் பி கியூப் ஃபார்முலாவைப் போட்டியா?" போட்டால் முதலாவது 13 பெருக்கல் 133, இரண்டாவது 19 பெருக்கல் 91. 7, 13, 19 மூன்றும் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிடும். அன்றைக்கு மட்டும் ஷெட்டில் எல்லாருக்கும் கடலை மிட்டாய் உண்டு.

சந்தையில் தேங்காய் 28 ரூபாய், விசேஷத்துக்கு 32 காய். கடைக்காரர் கால்குலேட்டரைத் தேடுவதற்குள், "30 ஸ்கொயர் மைனஸ் 2 ஸ்கொயர், 896" என்பார் சார்.

"900-மா குடுங்க சார்."

"பி ஸ்கொயரை விட்டுட்டியேப்பா!"

"அந்த நாலு ரூபாய்க்கு கறிவேப்பிலை எடுத்துக்கங்க சார்."

"அது எப்பவும் சும்மாதானே குடுப்பே?"

ஹெல்மெட் இல்லாமல் மொபெட்டில் போனதற்காக ஒருநாள் எஸ்.ஐ. மடக்கினார். முகத்தைப் பார்த்ததும் விரல் தானாகச் சல்யூட்டுக்கு எழும்பியது. "சார், நீங்களா!" சாரும் கண்டுகொண்டார். "ஏ கியூப் மைனஸ் பி கியூப் சொல்லு." எஸ்.ஐ. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஏ மைனஸ் பி இன்ட்டூ ஏ ஸ்கொயர் மைனஸ் ஏ பி பிளஸ் பி ஸ்கொயர்" என்றார். சார் ஒன்றும் சொல்லவில்லை. "ஏ-க்கு 2, பி-க்கு 1 போட்டுப் பாரு" என்றார். அபராத ரசீதின் பின்பக்கத்திலேயே போட்டுப் பார்த்தார் எஸ்.ஐ. ஒரு பக்கம் 7, இன்னொரு பக்கம் 3. பின்னால் லாரிக்காரர் ஹாரனை அமுக்கினார். "இருய்யா, சைன் மாறிப்போச்சு" என்று கத்தினார் எஸ்.ஐ.