செலவில்லாத சார்

ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஸ்கவுட் சார். வருகைப் பதிவேட்டில் அவர் கணக்கு வாத்தியார்தான். ஆனால் வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்து, கழுத்தில் ஸ்கார்ஃபும் வாயில் விசிலும் ஏறிவிட்டால் அல்ஜிப்ராவுக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

“சனி, ஞாயிறு கேம்ப் போடலாம்னு இருக்கேன் சார்” என்று தலைமையாசிரியர் அறை வாசலில் நிற்பார்.

“செலவு?”

“ஒண்ணும் ஆகாது சார்.”

இந்த ஒரு பதிலுக்காகத்தான் அந்தப் பதவியை வேறு யாருக்கும் மாற்றாமல் வைத்திருக்கிறார்கள்.

ஓர் அணிக்கு ஆறு முதல் எட்டுப் பேர் என்பது சாரணர் கணக்கு. சாரிடம் இருப்பதே ஏழு பேர். ஆகவே ஒரே அணி, புலி அணி. அணிகளுக்கு இடையே போட்டி என்று வந்தால் முதல் பரிசு புலிக்குத்தான். இரண்டாம் பரிசும் வெளியே போகாது.

பணம் இல்லையே என்று யாராவது இழுத்தால் சார் நேராக 1907க்குப் போய்விடுவார். இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முதல் முகாம். வசதியான வீட்டுப் பையனுக்குக் கட்டணம் ஒரு பவுண்டு, மற்றவனுக்கு மூன்றரை ஷில்லிங். “அவ்வளவு வசூல் பண்ணியும் அந்தக் கேம்ப்புல 24 பவுண்டு கையைக் கடிச்சுது. நமக்கு இன்னிவரைக்கும் ஒரு பைசா கடிச்சதில்ல” என்பார். அந்த முகாமில் பையன்களை எழுப்ப, ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த ‘கூடு’ என்ற மானின் கொம்பை ஊதினார்கள். சார், பழைய ஐஸ் வண்டியின் ரப்பர் ஹாரனை அமுக்குவார். பிரவுன்சீயில்கூட அவ்வளவு வேகமாக எழுந்திருக்க மாட்டார்கள். எழுந்து ஓடிவந்தபின் ஐஸ் இல்லை என்று தெரிந்துகொள்வதுதான் அன்றைய முதல் பயிற்சி.

கூடாரத்துக்கு ஃப்ளெக்ஸ் பேனர். மஞ்சள் நீராட்டு விழா, காதணி விழா, கட்சிப் பொதுக்கூட்டம் எல்லாம் முடிந்த மறுநாளே சார் சைக்கிளோடு அங்கே நிற்பார். படம் உட்பக்கம் வரவேண்டுமா, வெளிப்பக்கமா என்று மட்டும் தகராறு வரும். உட்பக்கம் வைத்தால், நள்ளிரவில் விழிக்கிற பையனை ஒரு வட்டச் செயலாளர் முகத்துக்கு நேரே கும்பிடுவார்.

முடிச்சுப் பாடத்தை மற்ற ஸ்கவுட் மாஸ்டர்கள் ‘ரீஃப் நாட்’ முடிச்சில் தொடங்குவார்கள். அதற்குத் தடிமன் ஒத்த கயிறு வேண்டும். சாரிடம் இருப்பது வீட்டுக் கொடிக்கயிறும் அரிசி மூட்டையில் உருவிய சணலும். எனவே ஷீட் பெண்ட்தான் முதல் பாடம். பருமனும் மெல்லிசும் சேர்வதற்கென்றே உள்ள முடிச்சு அது. ரீஃப் நாட்டை அவர் கரும்பலகையில் வரைந்து காட்டுவதோடு சரி.

நினைவாற்றலுக்குக் கிம் விளையாட்டு. கிப்ளிங்கின் ‘கிம்’ நாவலிலிருந்து பேடன் பவல் எடுத்துக்கொண்டது. 24 பொருளை ஒரு நிமிடம் காட்டி மூடிவிட வேண்டும். பிறகு எழுதச் சொல்ல வேண்டும். பொருளுக்கு எங்கே போவது? வகுப்பில் பறிமுதல் செய்தவை மேஜை இழுப்பறையில் இருக்கின்றனவே! பம்பரம், கோலிக்குண்டு, விசிறி ஒடிந்த பொம்மை ஹெலிகாப்டர், சினிமா நடிகர் படம். ஏழு பேரும் 24க்கு 24 எழுதிவிடுவார்கள். எதிரே உரிமையாளர் பெயரும் இருக்கும்.

உயரம் அளப்பதற்கு இருக்கவே இருக்கிறது மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. கையிலுள்ள கோலின் நிழல் கோலளவுக்கு வரும் நேரம் பார்த்துத் தொட்டியின் நிழலை அளந்தால், அதுதான் தொட்டியின் உயரம். கேம்புக்குக் கேம்ப் அது வளர்வதும் குறைவதுமாக இருக்கிறது.

தடம் காணும் பயிற்சிக்குச் சாக்பீஸ் துண்டு போதும். அம்புக்குறி போட்டால் ‘இந்த வழி’. வட்டத்துக்குள் புள்ளி வைத்தால் ‘வீட்டுக்குப் போய்விட்டேன்’. கென்யாவில் நையேரியிலுள்ள பேடன் பவல் கல்லறையில் பொறித்திருப்பதும் இதே குறிதான். அவர் அதைப் பெற 83 வயது வரை காத்திருந்தார். நம் ஆறாம் வகுப்புப் பையன் காலை பத்து மணிக்கே முதல் திருப்பத்தில் அதைப் போட்டுவிட்டு வீட்டில் இட்லி தின்றுகொண்டிருப்பான்.

சமையலுக்குத் தலைக்கு ஒரு டம்ளர் அரிசி, இரண்டு உருளைக்கிழங்கு. ஏழு வீட்டு அரிசி ஒரே பானையில் விழும். பச்சரிசி குழைந்து கூழாகும்போது புழுங்கலரிசி வேகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும். உருளைக்கிழங்கைக் களிமண்ணில் பொதிந்து கனலில் புதைக்கும் பாத்திரமில்லாச் சமையல்தான் காப்பாற்றும். இராத்திரி பாடித்தீ, அதாவது கேம்ப் ஃபயர். மூன்று செங்கல் அடுப்புக்கு மேல் மைதானத்தில் நெருப்பு கூடாது என்பது தலைமையாசிரியர் உத்தரவு. ஆகவே டார்ச் விளக்குக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி, சுள்ளிக்கு அடியில் வைப்பார். ஏழு பேரும் சுற்றி நின்று பாடுவார்கள். ஒருவன் அதில் குளிர்காயவும் செய்வான்.

இப்படிப்பட்டவரைக் கலங்கடிக்க ஒரே வழி, கையில் காசு கொடுப்பதுதான். ஒரு பையனின் அப்பா 5,000 ரூபாயை நீட்டிவிட்டார். சாருக்குத் தூக்கம் போயிற்று. புலி அணி கூடி பிரியாணி, ஜமுக்காளம், ஸ்பீக்கர் செட் என்று தீர்மானம் போட்டது. “எல்லாத்தையும் வாங்கிட்டா நீங்க என்னடா கத்துக்கப் போறீங்க?” என்று ஒரே வரியில் தள்ளுபடி செய்தார். முட்டை ஏழு, 49 ரூபாய். சிவப்புக் கண்ணாடித்தாள் 10 ரூபாய். திங்கட்கிழமை மீதி 4,941 ரூபாயைப் பில்லோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை அதே அப்பா அதே உறையோடு வாசலில் நின்றார்.

“சார், இதை நீங்களே வெச்சுக்குங்க. எங்க வீட்டு பீரோ கைப்பிடி ரெண்டையும் சேர்த்துப் பையன் கட்டி வெச்சிருக்கான். ஆபீஸ் சட்டை உள்ள இருக்கு. வந்து அவிழ்த்து மட்டும் விட்டுடுங்க.”

சார் போய்ப் பார்த்தார். சம தடிமனுள்ள இரண்டு கயிறு. பையனுக்கு வாழ்க்கையில் முதன்முறையாகக் கிடைத்தது. வலது இடதை மாற்றிப் போட்டதில் ரீஃப் நாட், ‘கிரானி நாட்’ என்கிற தப்பு முடிச்சாகி இறுகிக் கிடந்தது. சார் முகம் வாடிவிட்டது.

“தப்பு என் மேலதான்” என்றார். பையனின் அப்பா அவசரமாக, “அதெல்லாம் இல்ல சார்” என்றார்.

“இல்லைங்க. இதைச் சரிபண்ணாம விடக்கூடாது. இந்தச் சனிக்கிழமையும் கேம்ப் போட்டுடறேன்.”

“செலவு?” என்றார் அப்பா, உறையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு.

“ஒண்ணும் ஆகாதுங்க. இந்த பீரோ மட்டும் அப்படியே இருக்கட்டும்.”