புதிரை அவிழ்க்க நாலு பேர்

கேள்வி: சாதாரணக் குறுக்கெழுத்துக்கும் கிரிப்டிக் குறுக்கெழுத்துக்கும் என்ன வித்தியாசம்? (மதுரை வாசகர்)

பதில்: முன்னது "உனக்குத் தெரியுமா?" என்று கேட்கும். பின்னது "கண்டுபிடி பார்க்கலாம்" என்று கூப்பிடும். ஓர் உதாரணம்: "விடியத் தொடங்கும்போதே கௌரவம் வானில் பறக்கும் (4)." படித்ததும், கடன்காரர் வாசலில் வந்து நிற்கும் ஒரு வீடு கண்ணில் தெரிகிறதா? அதை மறந்துவிட்டு எழுத்துகளை மட்டும் பாருங்கள். 'விடிய' என்ற சொல்லின் தொடக்கம் 'வி'. கௌரவம் என்றால் மானம். இரண்டையும் சேர்த்தால் வானில் பறக்கும் விமானம். குறிப்பின் ஒரு முனையில் விடையின் பொருள் இருக்கும். மறு முனையில் விடையைக் கட்டும் வழி இருக்கும். இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தால் விடை சரிதானா என்று யாரையும் கேட்க வேண்டாம்.

கேள்வி: கடன்காரர் வீட்டைக் காட்டிவிட்டு விமானத்தைக் கொடுப்பது மோசடி அல்லவா? (கரூர் வாசகி)

பதில்: மோசடி செய்பவன் பொய் சொல்வான். நல்ல புதிர்க்காரர் ஒரு சொல்கூடப் பொய்யாகச் சொல்வதில்லை. நாம்தான் வேறு பக்கம் பார்க்கிறோம். இங்கிலாந்தின் 'அப்சர்வர்' இதழில் 1926 முதல் புதிர் அமைத்த எட்வர்ட் போவிஸ் மாத்தர்ஸ், ஸ்பெயின் நாட்டு மதவிசாரணைத் தலைவர் டார்க்கிமாடாவின் பெயரையே புனைபெயராக வைத்துக்கொண்டார். சித்திரவதைக்குப் பேர்போன ஆளின் பெயர்! அடுத்து வந்த புதிர்க்காரர் மெக்நட் புனைபெயராக வைத்துக்கொண்ட ஸிமினெஸும் அப்படி ஒரு தலைவரின் பெயர்தான். ஆனால் இந்த ஆட்டத்துக்கு நியாயத்தை வகுத்தவர் இந்த மெக்நட்தான். சரியான பொருள், நேர்மையான சொல் விளையாட்டு, இவை தவிர குறிப்பில் வேறெதுவும் இருக்கக்கூடாது என்று 1966இல் ஒரு புத்தகமே எழுதினார். இன்றும் பலருக்கு அதுதான் சட்டப் புத்தகம்.

கேள்வி: இவற்றில் மிகக் கடினமானது எது? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: கருப்பொருளை ஒளித்து வைத்திருக்கும் புதிர்கள். அவற்றுள் பேர்போனது 'லிஸனர்' குறுக்கெழுத்து. பிபிசி நடத்திய வார இதழில் 1930இல் தொடங்கியது. 1991இல் இதழ் நின்றபோதும் புதிர் நிற்கவில்லை. லண்டன் 'டைம்ஸ்' அதற்கு இடம் கொடுத்தது. இதில் விடையைக் கண்டுபிடித்தால் பாதிக் கிணறுதான் தாண்டியிருப்பீர்கள். ஏழெழுத்து விடைக்கு ஐந்து பெட்டிதான் இருக்கலாம். எழுத்துகளில் சிலவற்றை எடுக்க வேண்டுமா, மாற்ற வேண்டுமா, தலைகீழாக எழுத வேண்டுமா என்பதைக் கருப்பொருள்தான் சொல்லும். அந்தக் கருப்பொருளோ, விடைகளை எழுதி முடித்தால்தான் பிடிபடும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதைதான். விடையை அனுப்புகிறவர்களில் யார் எத்தனை வாரம் தப்பில்லாமல் முடித்தார் என்பதற்கும் அங்கே கணக்கு வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: நாலு பேர் சேர்ந்து விடை காண்பது, பரீட்சையில் எட்டிப் பார்ப்பது போலத்தானே? (தஞ்சாவூர் ஆசிரியர்)

பதில்: எட்டிப் பார்ப்பவர் அடுத்தவர் விடையைத் திருடுகிறார். சேர்ந்து உட்காருபவர்கள் அவரவர் திணறலை நடுவில் வைக்கிறார்கள். போன மாதம் எங்கள் குழுவுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நண்பர் ஒருவர் 'அவிழ்த்துவிடு' என்ற தலைப்பில் ஒரு புதிர் செய்து அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை, ஒரு வீட்டுத் தாழ்வாரம், நாங்கள் நாலு பேர். "யானைக்குப் பின்னால் மக்கள்: என்ன அக்கறை! (5)" என்றது ஒரு குறிப்பு. களிறு, வேழம் என்று நான் முட்டிக்கொண்டிருந்தபோது தமிழாசிரியை சொன்னார்: "கரி. கரியோடு சனம், கரிசனம்." எழுதப் போனால் கட்டத்தில் மூன்றே பெட்டி. "பசுவும் மனைவியும் தரும் சான்று (4)" என்றது அடுத்தது. பசு என்றால் 'ஆ', மனைவி தாரம். ஆதாரம் என்று கல்லூரி மாணவர் போட்டுடைத்தார். அதற்கும் மூன்றே பெட்டி! "குதிரைக்கு மிளகாயின் குணம், தோஷம் போக வழி (5)" என்பதற்கு பரிகாரம் என்று ஓய்வுபெற்ற தபால்காரர் சொன்னார். அதற்கும் அதே கதி.

அரைமணி நேரம் யாரும் பேசவில்லை. காபி கொண்டுவந்த வீட்டுக்கார அம்மா, தலைப்பைப் படித்துவிட்டுச் சொன்னார்: "அவிழ்த்துவிடுன்னுதானே எழுதியிருக்கு? மாட்டைக் கட்டிப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்களே!"

யானையை அவிழ்த்துவிட்டால் சனம். பசுவை அவிழ்த்துவிட்டால் தாரம். குதிரையை அவிழ்த்துவிட்டால் காரம். மூன்றும் பெட்டிகளில் கச்சிதமாக உட்கார்ந்தன. நால்வரும் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பழைய சொல் ஆசிரியைக்குத் தெரிந்திருந்தது. மாடு கட்டிய அனுபவம் அந்த அம்மாவுக்கு இருந்தது. ஒரே தலைக்குள் இவ்வளவும் இருக்காது என்பதால்தான் நாலு தலை வேண்டும்.

கேள்வி: அகராதியைப் பார்க்கலாமா? (ஈரோடு வாசகி)

பதில்: தாராளமாக. லிஸனர் புதிர்க்காரர்களே சேம்பர்ஸ் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அகராதி சொல்லைக் காட்டும். எந்தச் சொல்லைத் தேட வேண்டும் என்று காட்டாது.

கேள்வி: இந்த வெள்ளைக்கார விளையாட்டு தமிழுக்கு ஒத்துவருமா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: கட்டம்தான் அங்கிருந்து வந்தது. 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' இதழில் ஆர்தர் வின் வெளியிட்டதே இன்றைய குறுக்கெழுத்துக்கு மூத்தது. ஆனால் சொல்லை உடைக்கும் கலை நம் வீட்டுப் பரணில் எப்போதோ ஏறிவிட்டது. தண்டியலங்காரத்தைத் திறந்து பாருங்கள். ஒரு சொல்லில் எழுத்துகளை ஒவ்வொன்றாக நீக்கி வேறு வேறு பொருள் காட்டுவது அக்கரச்சுதகம். நாங்கள் யானையை அவிழ்த்துவிட்டதும் அந்த இனம்தான். எழுத்தைக் கூட்டிக்கொண்டே போனால் எழுத்து வருத்தனம். பல கேள்விகளுக்கு வரும் விடைகளைச் சேர்த்தால் இன்னொரு சொல் கிடைப்பது வினாவுத்தரம். ஒரு செய்யுளுக்குள் இன்னொன்றை ஒளிப்பது கரந்துறைச் செய்யுள். முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றாகவே படிக்கும் மாலைமாற்றில் திருஞானசம்பந்தர் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். நம் காலத்திலும், அமெரிக்காவிலிருந்து வெளிவரும் 'தென்றல்' இதழில் வாஞ்சிநாதன் இந்த வகைக் குறுக்கெழுத்தைத் தமிழில் அமைத்திருக்கிறார். நம் வார இதழ்களும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும் என்பது என் தீராத ஆசை.

கேள்வி: இதனால் காலணாவுக்குப் பிரயோஜனம் உண்டா? (சேலம் வாசகர்)

பதில்: 1942 ஜனவரியில் லண்டன் 'டெய்லி டெலிகிராப்', 12 நிமிடத்துக்குள் குறுக்கெழுத்தை முடிக்கும் போட்டி ஒன்றை நடத்தியது. கலந்துகொண்டவர்களில் சிலருக்குப் பிறகு அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தது. எதிரியின் ரகசியச் செய்திகளை உடைக்கும் பிளெட்ச்லி பார்க்கில் அவர்களுக்கு வேலை காத்திருந்தது. உங்களுக்கு அப்படிக் கடிதம் வராமல் போகலாம். ஆனால் ஒரு சொல்லை நாலு பக்கமும் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வரும். விளம்பரத்தையும் வாக்குறுதியையும் படிக்கும்போது அது கைகொடுக்கும்.

கேள்வி: புதிரைப் பார்த்துக் கண் கலங்கியதுண்டா? (புதுச்சேரி வாசகி)

பதில்: உண்டு. 'கார்டியன்' நாளிதழில் அராகேரியா என்ற பெயரில் புதிர் அமைத்தவர் ஜான் கிரஹாம் என்ற பாதிரியார். அராகேரியா என்பது ஒரு மரம். அதற்குக் குரங்குப் புதிர் மரம் என்றும் பெயர், சிலி பைன் என்றும் பெயர். சிலி பைன் என்பதன் ஆங்கில எழுத்துகளைக் கலைத்து அடுக்கித்தான் சினிஃபைல் என்ற இன்னொரு புனைபெயரைச் செய்துகொண்டார்.

2013 ஜனவரியில் அவருடைய புதிரின் மேலே ஒரு குறிப்பு இருந்தது: அராகேரியாவுக்கு 19இல் 18 வந்திருக்கிறது, 13 15 தருகிறார்கள் என்று. கட்டத்தை நிரப்பியவர்களுக்குத்தான் சேதி தெரிந்தது. 18 புற்றுநோய். 19 உணவுக்குழாய். 13 15 வலிதணிக்கும் பராமரிப்பு. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தன்னோடு விளையாடியவர்களிடம், அவர்களோடு பேசிப் பழகிய மொழியிலேயே அதைச் சொன்னார். அந்த ஆண்டு நவம்பரில், 92 வயதில் காலமானார். கண்ணாமூச்சியில் ஒளிகிற குழந்தை கண்டுபிடிக்கப்படத்தான் ஒளிகிறது. புதிர்க்காரரும் அப்படித்தான் என்று எனக்கு உறைத்தது அந்தப் புதிரைப் பார்த்துத்தான். எத்தனை கஷ்டமான புதிராக இருந்தாலும், அந்தப் பக்கம் ஒருவர் நமக்காகக் காத்திருக்கிறார்.

கேள்வி: எனக்கு ஒரு குறிப்புக் கொடுங்களேன்! (பொள்ளாச்சி, எட்டாம் வகுப்பு மாணவி)

பதில்: இதோ: "குருவி தையலுக்குள் முளைக்கக் காத்திருப்பது (2)." கூட்டையும் முட்டையையும் மறந்துவிடு, கண்ணு. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, முதல் இரண்டு சொல்லையும் இடைவெளி விடாமல் உரக்கப் படி. யார் காதிலாவது விடை விழும்.