பெற்றோர் கையொப்பம்

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வகுத்தல் வரவில்லை. யார் குற்றம்? தமிழ்நாட்டில் எந்தத் தனியார் பள்ளி வாசலில் நின்று கேட்டாலும் வாட்ச்மேன் முதல் பிரின்சிபால் வரை ஒரே பதில்தான்: "வீட்ல கவனிக்கிறதில்லைங்க."

அன்று மாலையே அது சிவப்பு மையில் டைரியில் ஏறிவிடும். அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே 'பெற்றோர் கையொப்பம்'. அம்மா கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். குற்றப்பத்திரிகையும் ஒப்புதல் வாக்குமூலமும் ஒரே தாளில் முடிந்துவிடுகின்றன. காவல் நிலையத்தில்கூட இதற்கு இரண்டு நாளாவது எடுத்துக்கொள்வார்கள்.

கல்வி உரிமைச் சட்டம் என்று ஒன்று 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும் என்கிறது அதன் அட்டவணை. 24-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் எவ்வளவு பிடிபடுகிறது என்று ஆசிரியர் பார்க்க வேண்டுமாம். பிடிபடாத பிள்ளைக்கு ஆசிரியரே கூடுதலாகச் சொல்லித்தர வேண்டுமாம். அச்சுப் பிழையோ என்று மறுபடியும் படித்துப் பார்த்தேன். ஆசிரியர் என்றுதான் போட்டிருக்கிறது, அந்த வரியில் அம்மா என்று இல்லை.

பயிற்சி பெற்றவர்கள் 800 மணி நேரம் நடத்தியும் வராத வகுத்தலை, வேலை முடித்து வந்து, சோறு வடித்து, பாத்திரம் கழுவிப் போட்டு, இரவு எட்டரைக்கு உட்காரும் ஒருத்தி அரை மணியில் வரவழைத்துவிட வேண்டும். அவளுக்குத் தெரிந்தது அவள் படித்த முறை. அந்த முறையில் போட்டால் மிஸ் பெருக்கல் குறி போட்டு அனுப்புகிறார். மிஸ் சொன்ன முறை அம்மாவுக்குப் புரியவில்லை. ரப்பர் தேய்த்துத் தேய்த்து நோட்டில் ஓட்டை விழுகிறது. பிள்ளை முதுகிலும் ஒன்று விழுகிறது. பிள்ளையை உடலாலும் மனதாலும் வதைக்கக் கூடாது என்கிறது 17-ஆம் பிரிவு. பள்ளி அதை மீறவில்லை. அடிக்கிற வேலையையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது, அவ்வளவுதான்.

இரவு ஒன்பது மணிக்கு ஏதாவது ஒரு ஸ்டேஷனரி கடையில் போய் நின்று பாருங்கள்.

"அண்ணே, தெர்மாகோல் இருக்கா?"

"எந்த கிளாஸ்?"

"செகண்ட் ஸ்டாண்டர்டு."

"சோலார் சிஸ்டம்தானே? கலர் பந்து செட்டாவே இருக்கு. சனிக்கு மட்டும் வளையம் தனியா வாங்கணும்."

பாடத்திட்டம் அவருக்கு அத்துப்படி. இந்த வாரம் எந்தப் பள்ளியில் கிரகம், அடுத்த வாரம் எந்தப் பள்ளியில் போக்குவரத்து வாகனம் என்று ஸ்டாக் வைத்திருக்கிறார். அப்பா ஆபீஸ் அடையாள அட்டைகூடக் கழற்றாமல் நின்று வாங்கிப் போகிறார். பிள்ளை பத்து மணிக்குத் தூங்கிவிடுகிறது. அப்பா பதினொன்றரைக்கு ஃபெவிக்காலைத் தடவி ஊதிக்கொண்டிருக்கிறார், அம்மா செவ்வாய்க்குச் சிவப்பு அடிக்கிறாள், தாத்தா புளூட்டோவை ஏன் விட்டீர்கள் என்று சண்டை பிடிக்கிறார். மறுநாள் 'வெரி குட்' முத்திரை. அப்பா ஆபீசில் போட்டோவைக் காட்டிக் கைகுலுக்கல் வாங்குகிறார். இதில் பிள்ளையின் பங்கு என்னவென்றால், வேனில் அது நசுங்காமல் மடியில் வைத்துக்கொண்டது.

அதே வகுப்பில், கல்வி உரிமைச் சட்டத்தின் (ஆர்டிஇ) கீழ் ஏழைப் பிள்ளைகளுக்கான 25 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்த ஒரு பையன் இருப்பான். 'ஆர்டிஇ-ல வந்தவன்' என்பது ஸ்டாஃப் ரூமில் அவனுக்குப் பெயர். அப்பா சென்ட்ரிங் வேலை. அம்மா நாலு வீட்டில் பாத்திரம் துலக்குகிறாள். அவன் கோடு போட்ட நோட்டுத் தாளில் பென்சிலால் ஒன்பது வட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தான். சூரியன் ஒன்று, கோள் எட்டு. கணக்குச் சரி. ஆனால் சுவரில் மாட்ட லாயக்கில்லை என்று மேஜை இழுப்பறைக்குள் போய்விட்டது. நாற்பது பிள்ளைகள் உள்ள அந்த வகுப்பில் ப்ராஜெக்டைத் தானே செய்தவன் அவன் ஒருவன்தான். 'நோ பேரன்டல் சப்போர்ட்' என்று எழுதப்பட்டதும் அவனுக்குத்தான்.

எல்கேஜி சேர்க்கையில் அப்பா டிகிரியா, அம்மா வேலைக்குப் போகிறாரா, வீட்டில் யார் சொல்லித்தருவார்கள் என்றெல்லாம் ஏன் குடைகிறார்கள் என்பது இப்போது விளங்கும். பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டிச் சேர்த்தால் முதல் தடவைக்கு 25,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது 13-ஆம் பிரிவு. பாவம், சட்டத்துக்குப் புரியவில்லை. நடப்பது வடிகட்டல் இல்லை, ஆள் எடுப்பு. சம்பளம் வாங்காமல், மேற்கொண்டு ஃபீஸும் கட்டி, இரவு ஷிப்டில் பாடம் நடத்தும் ஆசிரியர் பணிக்கு நேர்முகத் தேர்வு.

பிள்ளைகளின் சுமையைப் பற்றிப் பேசாதவர்கள் யாரும் இல்லை. எழுத்தாளர் ஆர். கே. நாராயண் மாநிலங்களவையில் எழுந்து பேசிய முதல் பேச்சே புத்தகப் பையைப் பற்றித்தான். யஷ்பால் குழு 1993-இல் சுமையில்லாத கற்றலைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்றது. அந்த நவம்பரில் மத்திய அரசும் சுற்றறிக்கை விட்டது: அந்த வகுப்புகளின் பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. பள்ளிகள் உடனே கட்டுப்பட்டன. வீட்டுப்பாடத்தை நிறுத்திவிட்டு 'ஆக்டிவிட்டி' கொடுக்கத் தொடங்கின.

பெற்றோரும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒருநாள் சாயங்காலம் டைரி காலியாக வந்தால் வாட்ஸ்அப் குழுவில் கலவரம். "மிஸ், டுடே நோ ஹோம்வொர்க்கா?" என்று கேட்பது யார்? எழுத்து தெரியாத கையைப் பிடித்து கர்சிவ் எழுதவைக்கச் சொல்லி மல்லுக்கட்டுவது யார்? பக்கத்து வீட்டுப் பிள்ளை பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிக்கிறது என்று ஆறு வயதை டியூஷனுக்கு விரட்டுவது யார்? ஆசிரியர் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்று 28-ஆம் பிரிவு சொல்வதைச் சொன்னால், "அப்போ யார் சார் சொல்லித்தருவா?" என்று நம்மையே கேட்கிறார்கள். பள்ளி என்ற ஒன்று நினைவுக்கே வருவதில்லை.

அரசுப் பள்ளியில் வேறு கூத்து. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்பது அட்டவணைக் கணக்கு. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். அதில் ஒருவர் பயிற்சிக்குப் போயிருப்பார், மற்றவர் பிள்ளைகளின் விவரம் பதியும் எமிஸ் செயலிக்குச் சிக்னலைத் தேடிக்கொண்டிருப்பார். 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பாட்டு, அட்டை, விளையாட்டு எல்லாம் உண்டு, நல்ல திட்டம்தான். ஐந்து வகுப்பையும் ஒரே வாயால் பாட ஆள்தான் வேண்டும்.

இங்கே பெற்றோருக்குச் சட்டம் நிஜமாகவே ஓர் அதிகாரம் கொடுத்திருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிக்கலாம், வளர்ச்சித் திட்டம் போடலாம், பணம் எங்கே போனது என்று கேட்கலாம். எத்தனையோ ஊர்களில் இந்த அதிகாரம் செயல்படும் லட்சணம் என்னவென்றால், தீர்மான நோட்டு வீடு தேடி வரும். "அக்கா, இதுல ஒரு கையெழுத்து." என்ன தீர்மானம் என்று கேட்டால், "அதெல்லாம் எச்எம் எழுதிட்டாங்க." அரசிடம் உதவி வாங்காத தனியார் பள்ளிக்கு இந்தத் தொல்லையும் கிடையாது. அவற்றுக்கு இந்தக் குழுவே தேவையில்லை என்று அதே சட்டம் விலக்குக் கொடுத்துவிட்டது. லட்ச ரூபாய் கட்டுகிறவருக்கு டைரியில் கையெழுத்துப் போடும் உரிமை மட்டும்.

அந்தப் பாத்திரம் துலக்கும் அம்மாவுக்கு டைரியில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியாது. அவள் செய்வது ஒன்றே ஒன்று. பாயை விரித்துவிட்டு, "இன்னிக்கி என்னடா சொல்லிக்குடுத்தாங்க, சொல்லு" என்கிறாள். அவன் படுத்துக்கொண்டே சூரியனிலிருந்து ஆரம்பித்துச் சனி வரை வந்து, அதற்கு வளையம் உண்டு என்கிறான்.

"அதுக்கு மட்டும் எதுக்குடா வளையம்?"

அவனுக்குத் தெரியவில்லை. மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று மிஸ்ஸைக் கேட்டான்.

"அது போர்ஷன்ல இல்ல. உக்காரு."