கொஞ்சம் பிடி, தம்பி

ரோவர் அண்ணன் வீட்டு வாசலில் நிழல் விழுந்தால் போதும். யார், என்ன என்று கேட்கமாட்டார். காடிக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீளும். அதில் கிரீஸ் பூசிய இரும்பு ஒன்று இருக்கும். பின்னாலேயே குரல் வரும்: "இதைக் கொஞ்சம் பிடி, தம்பி."

பிடித்தவன் மாட்டினான்.

கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர் பிடித்திருக்கிறார். கரண்டு மீட்டர் பார்க்க வந்த பையன் பிடித்திருக்கிறான். தபால்காரர் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் பிடித்திருக்கிறார். அன்றைக்கு எங்கள் வரிசைக்குக் கடிதம் வரவில்லை. பள்ளி விடுமுறையில் ஸ்ட்ராபெரி தோட்டத்துக்கு வழி கேட்க நின்ற கோலாலம்பூர்க் குடும்பம் ஒன்றும் அகப்பட்டது. அப்பா கையில் கிளட்ச் தட்டு, பிள்ளைகள் கையில் டார்ச் லைட்டு, அம்மா மட்டும் காடியில் உட்கார்ந்து விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் அந்த மனிதரை அனுப்பும்போது வழி சொல்ல மறந்துவிட்டு, "அடுத்த தடவை பழைய சட்டையா பார்த்துப் போட்டுக்கிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினார் அண்ணன்.

யாரையும் குறிப்பிட்டு எழுதவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரைக்கும் கேமரன் மலையில் ரோவர் அண்ணன்களுக்குப் பஞ்சமில்லை. கியா பார்மில், நீலத் தகரக் கொட்டகை, வாசலில் நாலு செங்கல் மேல் நிற்கும் காடி, சக்கரத்துக்குப் பதில் பெயிண்டு டப்பா என்று யாருக்காவது ஒரு குறிப்பிட்ட வீடு ஞாபகத்துக்கு வந்தால் அது அவரவர் பாடு.

காடி 1964ஆம் வருஷத்து லேண்ட் ரோவர், சீரிஸ் டூ ஏ, 88 இஞ்ச். மலையில் இது ஓர் அதிசயமே இல்லை. ராணுவ ஏலத்தில் வந்ததும், துரைமார் விட்டுப்போனதும், கைமாறிக் கைமாறி வந்ததுமாக இங்கே காய்கறித் தோட்டங்களில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிற ரோவர்களை எண்ணி மாளாது. அண்ணன் வாங்கியதும் அப்படி ஒரு தோட்டத்துக் காடிதான். கதவு கிடையாது, கூரை கிடையாது, பின்னால் முட்டைக்கோஸ் வாடை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது தன் சொந்தச் சக்கரத்தில் ஓடி வந்தது. மேட்டில் ஏறி, வளைவில் திரும்பி, கொட்டகைக்குள் தானே நுழைந்து நின்றது. "பழுது பார்த்துப் புதுசாக்கப் போறேன்" என்று அண்ணன் சொன்ன நாளிலிருந்துதான் அது ஓடவில்லை.

சரி, பிடிக்கிற விஷயத்துக்கு வருவோம். நியாயமாகப் பார்த்தால் இந்தக் காடிக்கு இரண்டு ஆள் வேண்டும்தான். போல்ட்டின் தலை இஞ்சின் பக்கம் இருக்கும், நட்டு டிரைவர் கால் பக்கம் இருக்கும், நடுவில் இரும்புச் சுவர். ஒருவன் அந்தப் பக்கம் ஸ்பேனர் போட்டுப் பிடிக்காவிட்டால் இந்தப் பக்கம் முடுக்குகிறவன் விடியும்வரை முடுக்கலாம். அதெல்லாம் எனக்குப் புரிகிறது. எனக்குப் புரியாதது, நான் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கும்போது அண்ணன் எழுந்து உட்கார்ந்து சரித்திரம் பேசுவது.

1947இல் மாரிஸ் வில்க்ஸ் என்கிற ரோவர் கம்பெனி இஞ்சினியர், வேல்ஸ் பக்கம் ஆங்கிள்ஸி தீவின் கடற்கரை மணலில் கோடு போட்டுத்தான் இந்தக் காடியைத் தன் அண்ணனுக்குக் காட்டினார். அதைக் கேட்கும்போது நான் கிரில்லைப் பிடித்திருந்தேன். போர் முடிந்த சமயம், இங்கிலாந்தில் இரும்புக்குக் கட்டுப்பாடு. அதனால்தான் உடம்பை அலுமினியத்தில் அடித்தார்கள். அப்போது என் கையில் முன்பக்கத்து மட்கார்டு. போர் விமானத்துக்கு வாங்கி மிஞ்சிய பச்சைப் பெயிண்டைத்தான் முதல் காடிகளுக்கு அடித்தார்கள் என்ற செய்தி வந்தபோது கியர்பாக்ஸ் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. அது ஆடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. 1948 ஏப்ரல் 30, ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் காடி உலகத்துக்கு அறிமுகமானது. என் இடது தோள் மரத்துப்போனதும் அந்தக் கண்காட்சியில்தான்.

தப்பித்தவறி, "அண்ணே, கை வலிக்குது" என்றால், உடனே அப்பா கதை வரும். அண்ணனின் அப்பா தேயிலைத் தோட்டத்தில் துரையின் ரோவரைக் கழுவித் துடைத்தவர். லயத்துப் பிள்ளைகள் ஓடி வந்து வேடிக்கை பார்ப்பார்கள், தொடக்கூடாது. ஒரு நாள் அண்ணன் ஸ்டீரிங்கைத் தொட்டுவிட்டார். அப்பா எல்லார் முன்னாலும் அறைந்தார். பிறகு ராத்திரி, சோறு போடும்போது, "என்னைக்காவது சொந்தமா வாங்கு, ஆசை தீரத் தொடு" என்றாராம். கேட்கிறவன் மனசு இளகத்தான் செய்யும். நானும் இளகினேன். ஆனால் யார் கை தளர்கிறதோ சரியாக அந்த நேரத்தில் இந்தக் கதை வருகிறது என்பதைத் தபால்காரரோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் கண்டுபிடித்தேன். அவரும் அறை வரைக்கும் கேட்டிருக்கிறார். சோறு வருவதற்குள் போல்ட் ஏறிவிட்டதாம்.

இதற்கெல்லாம் சிகரம் பிரேக்கில் காற்று எடுப்பது.

நாலு சக்கரமும் டிரம் பிரேக். குழாயில் புகுந்த காற்றை, தூரத்துச் சக்கரத்தில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக வெளியேற்ற வேண்டும். நான் டிரைவர் இடத்தில் உட்கார வேண்டும். (உட்கார ஸீட்டு கிடையாது, பெட்ரோல் டாங்கின் மேல் ஒரு பலகை.) அண்ணன் பின்சக்கரத்துக்கு அடியில், நிப்பிளில் மாட்டிய குழாயும் போத்தலுமாகப் படுத்திருப்பார். "அமுக்கு" என்பார். அமுக்குவேன். "பிடி" என்பார். பிடிப்பேன். அவர் நிப்பிளைத் திறப்பார், குமிழியோடு ஆயில் வரும், மூடுவார், "விடு" என்பார். அவர் மூடுவதற்கு முன் நான் காலை எடுத்துவிட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

காட்டில் குரங்குக்குக்கூடப் புரிந்துவிடும், இவ்வளவுதான் வேலை. ஆனால் அண்ணன் "பிடி" சொல்லிவிட்டு யோசிக்க ஆரம்பித்துவிடுவார். ஈப்போவில் ஒரு கடையில் புது வீல் சிலிண்டர் கேட்டது, கடைக்காரன் வேறு வருஷத்துச் சாமானைக் கட்டிக்கொடுத்தது, மறுபடி சிம்பாங் பூலாய் வழியாக இறங்கிப் போய் மாற்றியது, அங்கே சாப்பிட்ட கறி மீ. கறி மீக்கு நடுவில் எங்கேயோ "அது அப்படியே விடுலா" என்று கடைக்காரன் சொன்னதைச் சொல்வார். அந்த "விடு"வைக் கேட்டு நான் காலை எடுத்துவிடுவேன்.

"விட்டுட்டியே, தம்பி!"

அந்தக் குரலில் வருகிற துக்கம் இருக்கிறதே, அது துக்க வீட்டில்கூட நான் கேட்டதில்லை. பிறகு பிரேக் ஆயில் சிந்தி மட்கார்டு பெயிண்டைத் தின்றுவிட்டது என்று தெரியவந்தால் அதற்கும் கணக்கு என் பேரில்தான்.

மற்றக் குணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எதைப் பார்த்தாலும் ஒரிஜினலா என்பார். விருந்தில் ரசத்தைப் பார்த்தும் கேட்டிருக்கிறார். இந்த வருஷத்துக் காடிக்கு பாசிட்டிவ்தான் எர்த் என்பதை, சம்பந்தமே இல்லாதவர்களைக்கூட நிறுத்தி எச்சரிப்பார். இஞ்சினை மட்டும் ஸ்டாண்டில் வைத்து ஆறு மணிக்கு எழுப்புவார். போகட்டும், கியா பார்மில் ஆறு மணிக்கு யாரும் தூங்குவதில்லை.

ஸ்பேனரைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும். இந்தக் காடியில் எல்லாம் இஞ்ச் கணக்கு. நம் வீட்டில் இருக்கிற பதின்மூன்று மில்லிமீட்டர், அரை இஞ்ச் போல்ட்டில் ஏறும். ஆனால் சரியாகக் கவ்வாது, நாலு தடவை வழுக்கினால் தலையை மழுங்கடித்துவிடும். என் தாத்தா தோட்டத்துப் பட்டறையில் இருந்தவர், அவர் விட்டுப்போன அரை இஞ்ச் ஸ்பேனர் ஒன்று என்னிடம் இருந்தது. இறந்தகாலத்தில்தான் எழுத முடிகிறது. கேட்டால், "இங்கதான் எங்கேயோ இருக்கு, இதைக் கொஞ்சம் பிடி, தேடித் தர்றேன்" என்கிறார்.

எதிர் மேட்டில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கிற சீனத் தவுக்கேயிடமும் இதே வருஷத்து ரோவர் ஒன்று உண்டு. கதவை நைலான் கயிற்றில் கட்டியிருக்கிறார். உள்ளே ஜப்பான் டீசல் இஞ்சின். பொழுது விடிவதற்கு முன்னால், பனிக்குள், கூடை கூடையாகக் கோஸ் ஏற்றிக்கொண்டு, ஆள் நடந்து ஏறினாலே மூச்சு வாங்குகிற சேற்று மேட்டில் ஏறி வருகிறது. கழுவியே யாரும் பார்த்ததில்லை. சனி ஞாயிறில் பிரிஞ்சாங்கிலிருந்து கியா பார்ம் சந்தை வரைக்கும் காடிகள் ஒட்டி நிற்கும்போது, அது மட்டும் தோட்டத்துக்குள் புகுந்து ஏதோ ஒரு சந்தில் வெளியே வந்துவிடும். ஒருநாள் அண்ணனிடம் அதைக் காட்டினேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது ரோவரே இல்லை" என்றார். ஓடுகிறது ரோவர் இல்லை, ஓடாததுதான் ரோவர் என்றால் எனக்கு மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை.

துரு விஷயத்தில் மட்டும் நான் அண்ணன் கட்சி. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற ஊர் இது. மழை இல்லாத நேரம் பனி. அலுமினியம் துருப்பிடிக்காது என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆனால் அலுமினியமும் இரும்பும் ஒட்டுகிற இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்கிறது. அடியிலுள்ள சேசிஸ் பெட்டி மாதிரி மூடி வெல்டு வைத்த இரும்பு, அது உள்ளிருந்து அரிக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. அண்ணன் ஸ்குரூடிரைவரால் ஒரு குத்துக் குத்தினார், அப்பளம் நொறுங்குகிற சத்தத்தோடு பிடி வரைக்கும் உள்ளே போயிற்று. அன்றைக்கு அவர் என்னைப் பிடிக்கச் சொல்லவில்லை. வெட்டி எடுத்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். புதுத் தகட்டை அவரே அளந்து, அவரே வளைத்து, அவரே வெல்டு வைத்தார். அந்த வெல்டைத் தடவிப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு சுத்தமான வேலையைச் சம்பளம் வாங்குகிற போமென்கூடச் செய்யமாட்டான். உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம் வருவதும் அதனால்தான். இவ்வளவு கை வேலை தெரிந்த மனிதர் காடியை முடிக்கவில்லை என்றால், முடியாமல் இல்லை, மனசில்லை. முடிந்துவிட்டால் யாரை என்ன பிடிக்கச் சொல்வது?

இதில் கஷ்டப்படுகிறவர் அண்ணி. விளையாட்டை விட்டுச் சொல்கிறேன். அந்தக் கொட்டகை துணி காயப் போடக் கட்டியது. இப்போது மழைக்காலம் முழுக்கத் துணி சமையற்கட்டில் தொங்குகிறது. ரொட்டி சானாய்க்குப் பிசைந்த மாவில் காலுறைச் சொட்டு விழாமல் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் கார்புரேட்டர் ஊறுகிறது. அண்ணிக்கு லைசென்ஸ் உண்டு, கை சுத்தமாக ஓட்டுவார். வீட்டில் இருந்த சின்னக் காடியை விற்றுத்தான் ரோவருக்கு ஓவர்டிரைவ் வாங்கினார் அண்ணன். அண்ணி மருந்து வாங்கத் தானா ராத்தாவுக்குப் போக வேண்டுமென்றால் யாராவது போகிறார்களா என்று வீடு வீடாகக் கேட்கிறார். இதை அண்ணன் முகத்துக்கு நேரே ஒரு தடவை சொன்னேன். "முடிஞ்சா அவளுக்குத்தான்" என்றார். அண்ணி உள்ளிருந்து பாத்திரத்தைப் போட்ட சத்தம் கேட்டது.

ஆனால் அண்ணி சும்மா இருக்கிற பேர்வழி இல்லை. போன மழைக்கு முன்னால், காடியின் பின்பக்கத்து அலுமினியத் தொட்டியைக் கழற்றி வீட்டுப் பின்னால் வெயிலில் வைத்திருந்தார் அண்ணன், பெயிண்டு உரிக்க. இரண்டு நாள் ஈப்போ போய்த் திரும்பினால் அதில் மண் நிறைந்திருக்கிறது. எதிர் மேட்டுத் தவுக்கே தன் ரோவரிலேயே கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போயிருக்கிறார். வரிசை பிசகாமல் வெங்காயத்தாள் நட்டிருந்தார் அண்ணி.

"அறுபத்து நாலாம் வருஷத்து ஒரிஜினல் தொட்டி அது!" என்று கத்தினார் அண்ணன்.

"அறுவடை முடியட்டும், எடுத்துக்குங்க" என்றார் அண்ணி.

நியாயமான பேச்சு, அண்ணனால் மறுக்க முடியவில்லை. இப்போது சந்தையில் கட்டு ஒரு வெள்ளிக்குப் போகிறது. எங்கள் வரிசையில் எல்லாரும் அண்ணியிடம்தான் வாங்குகிறோம். ஒன்றே ஒன்று, வெங்காயத்தாளை வேரை விட்டு அறுத்தால் அது மறுபடி தழைத்துக்கொண்டே இருக்கும். அண்ணி வேரை விட்டுத்தான் அறுக்கிறார்.