மரியோவைக் குறை சொல்லுத பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, அந்தப் பழைய சூப்பர் மரியோவ ஆடிட்டு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கியாமே? சேவ் இல்லையாம், படம் மட்டமாம், சொல்லித்தர ஆளில்லையாம். அடேயப்பா, பெரிய அநியாயம்தாம்லே! 1985-ல ஜப்பான்ல பொறந்ததுக்கு இன்னைக்கு வந்து வெவரம் கேக்குதே.

சொல்லித்தர ஆளில்லன்னு யாரு சொன்னா? முதல் திரையிலேயே வாத்தியார் வருதாரு. பழுப்பா, மொறைச்சுக்கிட்டு வருவாரு, கூம்பான்னு பேரு. சும்மா நின்னா கொன்னுட்டுப் போயிருவாரு. மறுதடவ தானா குதிப்பே. கேள்விக்குறிக் கட்டைய முட்டுனா காளான் ஒண்ணு வரும். வலப்பக்கமா நகந்து, குழாய்ல மோதி, உன்னப் பாத்தே திரும்பும். தலைக்கு மேல கட்டை இருக்கதால தாண்டுததும் லேசில்ல. தொட்டா வளந்திருவே. ஒரு எழுத்து இல்லாம, இந்த விளையாட்டச் செஞ்ச மியமோட்டோ பாடத்த முடிச்சிட்டாரு. உன் புது விளையாட்டுல நடக்கச் சொல்லித்தரவே அரை மணி நேரம் அம்பு காட்டுதாம்.

படம் மட்டமாம்! மொத்த விளையாட்டும் 40 கிலோபைட்டுலே. நீ குடும்ப குரூப்ல தட்டிவிடுத குட்மார்னிங் பூப்படம் அதவிடப் பெருசு. இடம் பத்தாம, மேல மிதக்குத மேகத்தையே தரையில எறக்கி, பச்சை பூசிப் புதராக்கிட்டாங்க. நீ கண்டுபிடிச்சியா? இல்லல்லா? பெறகென்ன குறை?

குதிக்கச் சொன்னா லேட்டாக் குதிக்கானா? அவன் குத்தமில்ல. அது பழைய பெட்டி டிவிக்குச் செஞ்சது. உன் தட்டை டிவி படத்த மெருகேத்திக் காட்டுததுக்குள்ள அவன் குழிக்குள்ள போயிருவான். கேம் மோடு போட்டுப் பாரு.

ஒவ்வொரு கோட்டையா ஏறி எறங்குனா, இளவரசி வேற கோட்டைலன்னு சொல்லுதது கோவமா இருக்கோ? நீ பட்டா மாத்த தாலுகா ஆபீஸுக்குப் போனதில்ல, அதான்.

உங்கப்பன் பேச்சையும் நம்பாத. ‘நாங்கல்லாம் சின்னதுலயே முடிச்சவங்க’ன்னு பீத்துவான். 90-கள்ல வந்த டிவி கேம் பெட்டில, 9999 விளையாட்டுன்னு ஒட்டுன கேசட்டச் சொருகுனா, கொஞ்ச விளையாட்டே பேர மாத்தி மாத்தி வரும். அதுல இவரு முதல் உலகத்து ரெண்டாம் கட்டத்துல கூரை மேல ஏறி ஓடி, குழாய்க்குள்ள எறங்கி, நேரா நாலாம் உலகத்துக்குப் போன வீரரு. மொத்தம் 32 கட்டம். குறுக்கு வழி தெரிஞ்சவனுக்கு எட்டே போதும். அவன்கிட்ட மெதுவா விசாரி.

சேவ் இல்லன்னா அழாத. ஆட்டம் முடிஞ்சதும் ஏ பட்டன அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஸ்டார்ட் அடி. செத்த உலகத்தோட முதல் கட்டத்துலேர்ந்து ஆடலாம். இத அவங்க திரையில எழுதி வைக்கல. இப்போ சேவ் போட வசதியிருக்க எமுலேட்டர்ல ஆடுதியா, ஆடு, பாவமில்ல. ஊர்ல பெருமை பேசுதப்போ அதையும் சேத்துப் பேசணும், அம்புட்டுத்தான்.

எல்லாம் முடிச்சா என்ன குடுப்பான்னு கேக்குதே. இளவரசி நன்றி சொல்லுவா. சொன்ன கையோட இன்னும் கஷ்டமான ஆட்டத்துக்கு அனுப்பி வச்சிருவா. கூம்பா நின்ன இடத்துலல்லாம் ஓடு போட்ட வண்டு நிக்கும். இதென்ன அநியாயம்னு குதிக்காத. வேலைய ஒழுங்கா முடிச்சவனுக்கு உங்க கம்பெனில மட்டும் வேற என்னத்தக் குடுக்காங்க?